ஊசி குத்தாம எப்படிடா தெரியும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். "வந்து", "பார்த்தீங்கன்னா" எல்லாத்தையும் முடிஞ்ச வரைக்கும் வெட்டியிருக்கோம்.)

இன்னைக்கு எபிசோட் என் பெரியப்பா கேட்ட ஒரு கேள்வியிலிருந்து ஆரம்பிக்குது.

பெரியப்பாவுக்கு ரொம்ப வருஷமா ஹெபடைடிஸ் பி. 2006-ல, நான் மூணாவது படிக்கும்போது, கல்லீரல் எந்த நிலைமையில இருக்குன்னு பார்க்க அவருக்கு பயாப்ஸி பண்ணாங்க. விலா எலும்புகளுக்கு நடுவுல ஒரு ஊசியை விட்டு, கல்லீரல்ல இருந்து சின்னத் துணுக்கு ஒண்ணை எடுக்கிறதுதான் அது. எனக்கு ஞாபகம் இருக்கிறது ரெண்டே விஷயம். அவர் வலது பக்கமா ஒருக்களிச்சு அசையாம படுத்திருந்தார். "சிரிப்பு காட்டாதடா, அவர் அசையக் கூடாது"ன்னு பெரியம்மா என்னை வராந்தாவுக்குத் துரத்தினாங்க. குத்தின இடம் உடம்பு எடையிலேயே அமுங்கி, ரத்தம் கசியாம இருக்கணும்னு அப்படிப் படுக்க வைப்பாங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. ரிப்போர்ட்ல முதல் கட்டத் தழும்புன்னு வந்தது.

ரெண்டு வருஷம் முன்னாடி அவரை ஃபைப்ரோஸ்கேனுக்கு நான் கூட்டிட்டுப் போனேன். மல்லாக்கப் படுத்து வலது கையைத் தலைக்குப் பின்னாடி வெச்சுக்கிட்டார். விலாவுல கொஞ்சம் ஜெல் தடவி, டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியை வெச்சு 'டொக், டொக்'னு பத்துப் பன்னிரண்டு தட்டு. கொஞ்ச நேரத்துல பேப்பர் கையில. அதுல 9.2 கிலோபாஸ்கல்னு இருந்தது. நான் அங்கேயே போனை எடுத்துத் தேடினேன். மூணாவது கட்டத்துக்குப் பக்கம்னு காட்டுச்சு. மூணுக்கு அடுத்தது நாலு. நாலுதான் சிரோசிஸ்.

ஆட்டோவுல வரும்போது பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுக் கேட்டார்: "ஊசி குத்தாம எப்படிடா தெரியும்? சும்மா தட்டுனாங்க, நம்பர் குடுத்துட்டாங்க."

"அது அல்ட்ராசவுண்ட் பெரியப்பா"ன்னு சொல்லிச் சமாளிச்சேன். அந்தப் பதில் பாதி தப்பு. அது எவ்வளவு தப்புன்னு தெரிஞ்சுக்கப் போய்த்தான் இந்த எபிசோட் வந்தது.

முதல்ல, அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்துக்கலாம். தட்டுனாங்க.

தேங்காய் வாங்கும்போது சுண்டிப் பார்க்கிறோம். மண்பானையை விரலை மடக்கித் தட்டிப் பார்க்கிறோம். மாம்பழத்தை, கடைக்காரர் கவனிக்காத நேரமாப் பார்த்து லேசா அழுத்துறோம். வெட்டாம உள்ளே என்னன்னு தெரிஞ்சுக்க இதைத்தான் காலங்காலமா பண்றோம். வைத்தியமும் இங்கிருந்துதான் வந்தது. ஹிப்போகிரட்டீஸ் பேர்ல வழங்குற கிரேக்க மருத்துவ வாசகங்கள்லயே, மஞ்சள் காமாலை வந்தவருக்கு ஈரல் கெட்டியானா அது கெட்ட அறிகுறின்னு இருக்கு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழைய குறிப்பு. 'கெட்டி'ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

தட்டிப் பார்க்கிறதை ஒரு முறையாவே ஆக்கினவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த லியோபோல்ட் ஆவென்ப்ருக்கர். அப்பா சத்திரம் நடத்தினவர். பீப்பாய்ல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தட்டிப் பார்க்கிற பழக்கத்தைப் பையன் நெஞ்சுக்குக் கொண்டு வந்தார்னு ஒரு கதை உண்டு. 1761-ல புத்தகம் போட்டார். பெரும்பாலானவங்க கண்டுக்கல. 1808-ல நெப்போலியனோட டாக்டர் கோர்விசார் அதை பிரெஞ்சுல மொழிபெயர்த்த பிறகுதான் பரவுச்சு. இன்னைக்கும் டாக்டர் உங்க வயித்துல ஒரு கையை வெச்சு இன்னொரு கைவிரலால தட்டினா, அது அந்த சத்திரக்காரர் மகனோட வேலைதான். நுரையீரல் மேல காலிப் பானைச் சத்தம் வரும், கல்லீரல் மேல மந்தமா வரும். சத்தம் மாறுற இடம்தான் கல்லீரலோட எல்லை.

கோர்விசாரோட மாணவர் லென்னெக். 1816-ல ஒரு காகிதத்தைச் சுருட்டி நோயாளி நெஞ்சுல வெச்சுக் கேட்டு, ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடிச்சவர். அதைப் பத்தி 1819-ல அவர் எழுதின புத்தகத்துல, போற போக்குல இன்னொரு காரியமும் பண்ணினார். முடிச்சு முடிச்சா சுருங்கிப் போன கல்லீரலுக்கு சிரோசிஸ்னு பேர் வெச்சார். கிரேக்கத்துல 'கிர்ரோஸ்'னா பழுப்பு கலந்த மஞ்சள்.

எனக்கு இது வேடிக்கையா இருந்தது. கல்லு மாதிரி ஆகிற ஒரு உறுப்பு. வெச்ச பேரு நிறத்தைப் பத்தியது. ஏன்னா லென்னெக் அதைப் பார்த்தது பிரேதப் பரிசோதனையில, கண்ணால. கையால தொட்டு உணர்ந்த தகவல் பேர்லயே காணாம போச்சு. அடுத்த நூத்தம்பது வருஷத்துக்கு மேல மருத்துவம் பெரும்பாலும் கண்ணைத்தான் நம்புச்சு. நல்ல காரணத்தோடதான் நம்புச்சு, அதையும் சொல்லிடறேன்.

கல்லீரல் ஏன் கெட்டியாகுது? முழங்கால்ல அடிபட்டா தழும்பு வருது இல்லையா, அதேதான். வைரஸ், மது, கொழுப்பு, காரணம் எதுவா இருந்தாலும் கல்லீரல் அடிபட்டுக்கிட்டே இருந்தா, ஆறுற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நார் சேருது. டாக்டர்கள் அதை ஃபைப்ரோசிஸ்னு சொல்வாங்க. தழும்பே இல்லாததுக்கு எஃப் 0, சிரோசிஸுக்கு எஃப் 4. கல்லீரலோட உள்பகுதிக்கு வலி தெரியாது. மேல இருக்கிற உறைக்குத்தான் தெரியும். அதனால எஃப் 3 வரைக்கும்கூட ஒருத்தர் ஆபீஸ் போய், கிரிக்கெட் ஆடிக்கிட்டு சாதாரணமா இருக்க முடியும். விரலால அழுத்திப் பார்க்கலாம்னா கல்லீரல் விலாக்கூட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. மூச்சை இழுக்கும்போது ஓரம் மட்டும் எட்டிப் பார்க்கும். அந்த ஓரம் 'கொஞ்சம் கெட்டி'ன்னு ஒரு டாக்டர் சொல்வார், 'நார்மல்'னு இன்னொருத்தர் சொல்வார். விரலுக்கு அளவுகோல் கிடையாது.

அதனால ஊசி வந்தது. 1883-ல ஜெர்மனியில பால் எர்லிக், சர்க்கரை நோயாளிகளோட கல்லீரல்ல கிளைகோஜன் எவ்வளவு இருக்குன்னு பார்க்க ஊசியால உறிஞ்சி எடுத்தார். ரொம்ப நாள் இது அபூர்வமா, பயத்தோட பண்ற வேலையாத்தான் இருந்தது. 1939-ல கோபன்ஹேகன்ல ஐவர்சன், ரோஹோம்னு ரெண்டு டாக்டர்கள் காமாலை நோயாளிகள்கிட்ட இதை ஒழுங்கா பண்ணிக் காட்டினாங்க. போர்க்கால பிரிட்டன்ல ஷீலா ஷெர்லாக் அதை எடுத்துக்கிட்டு, கல்லீரல் மருத்துவத்தையே தனித் துறையா வளர்த்தார். 1959-ல பிரிட்டனோட முதல் பெண் மருத்துவப் பேராசிரியர் ஆனவரும் அவர்தான். 1958-ல இத்தாலியில மெங்கினி, ஊசி கல்லீரலுக்குள்ள இருக்கிற நேரத்தை ஒரே செகண்டாக் குறைச்சார். அவர் கட்டுரைத் தலைப்பிலேயே அந்த 'ஒரு செகண்ட்' இருக்கு. அந்த ஒரு செகண்டுதான் இதை ஊர் ஊரா கொண்டு போச்சு. பெரியப்பாவுக்கு 2006-ல நடந்ததும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

பயாப்ஸியைத் திட்டுறது இப்போ ஃபேஷன். எனக்கு அது பிடிக்கல. தழும்பு, கொழுப்பு, வீக்கம், எந்த நோய், எல்லாத்தையும் ஒரே கண்ணாடித் தகட்டுல காட்டுற வேற சோதனை கிடையாது. மஞ்சள் காமாலையில பல வகை இருக்குன்னு பிரிச்சுப் பார்க்க முடிஞ்சதே இந்த ஊசியாலதான்.

ஆனா அதோட கணக்கு ஒரு இடத்துல இடிக்கும். எடுக்கிற துணுக்கு, முழுக் கல்லீரல்ல ஏறத்தாழ 50,000-ல ஒரு பங்கு. என் வேலையில இதுக்கு ஒரு உதாரணம் உண்டு. 50,000 வரி கோட்ல ஒரே ஒரு வரியைப் படிச்சுட்டு 'எல்லாம் ஓகே'ன்னு ரிவ்யூவை அப்ரூவ் பண்றது. தழும்பு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருந்தா பரவாயில்ல. இருக்குமா? 2002-ல வெளியான ஒரு ஆய்வுல, ஹெபடைடிஸ் சி இருக்கிற 124 பேருக்கு கல்லீரலோட வலது பக்கத்துல ஒண்ணு, இடது பக்கத்துல ஒண்ணுன்னு ரெண்டு துணுக்கு எடுத்துப் பார்த்தாங்க. மூணுல ஒருத்தருக்கு ரெண்டு பக்கமும் குறைஞ்சது ஒரு கட்டம் வித்தியாசப்பட்டுச்சு. ஒரே ஆள், ஒரே கல்லீரல், ரெண்டு ரிப்போர்ட்.

மருத்துவ நூல்கள்ல சொல்ற கணக்குப்படி, பத்தாயிரம் பயாப்ஸிக்கு ஒருத்தர் உயிர் போகிற ஆபத்தும் இருக்கு. தேவைப்படுறப்போ எடுக்கலாம், சரி. வருஷா வருஷம் எடுக்க முடியுமா? தழும்பு வளருதா குறையுதான்னு தெரிய, திரும்பத் திரும்பப் பார்க்கணும். ஒரு தடவை எடுத்த போட்டோவை வெச்சு வண்டி எவ்வளவு வேகத்துல போகுதுன்னு சொல்ல முடியாது.

அப்போ அல்ட்ராசவுண்ட்? 1880-ல பியேர் கியூரியும் அண்ணன் ஜாக்கும், சில படிகங்களை அழுத்தினா மின்சாரம் வருதுன்னு கண்டுபிடிச்சாங்க. பியேரோட மாணவர் லாஞ்சவான் முதல் உலகப் போர்ல அந்தப் படிகத்தை வெச்சே ஒலியை அனுப்பி, நீர்மூழ்கிக் கப்பலைத் தேட வழி பண்ணினார். அப்புறம் தொழிற்சாலைகள்ல உலோகத்துக்குள்ள விரிசல் பார்க்க அதே ஒலி. 1955-ல கிளாஸ்கோவுல மகப்பேறு டாக்டர் இயன் டொனால்ட், பாய்லர் செய்யற ஒரு தொழிற்சாலைக்கு, அறுவை பண்ணி எடுத்த கட்டிகளைக் காரோட பின்பக்கத்துல வெச்சு எடுத்துட்டுப் போனார். அங்கே இருந்த விரிசல் பார்க்கும் கருவியில அதையெல்லாம் வெச்சுப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க தொழிற்சாலைக்காரங்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டு குடுத்தாங்க. 1958-ல அவர் கட்டுரை வந்தது. வயித்து ஸ்கேனோட தொடக்கம் அங்கேதான்.

இங்கே நம்ம தலைமுறை உள்ளே வருது. மாஸ்டர் ஹெல்த் செக்கப் போன பாதிப் பேர் ரிப்போர்ட்ல 'கிரேட் 1 ஃபேட்டி லிவர்'னு ஒரு வரி இருக்கும். எங்க ஆபீஸ்ல லஞ்ச் டேபிள்ல அதை ஜாதக நட்சத்திரம் மாதிரி கேட்டுக்குவாங்க, "நீ கிரேட் என்ன?"ன்னு. அந்த கிரேட் என்னன்னா வெளிச்சம். கொழுப்புத் துளிகள் ஒலியை நிறையச் சிதறடிக்கும், அதனால படத்துல கல்லீரல் பக்கத்துல இருக்கிற கிட்னியைவிட வெளுப்பாத் தெரியும். லேசா வெளுத்தா ஒண்ணு, உள்ளே ரத்தக் குழாய்ச் சுவர் மங்கினா ரெண்டு, ஆழத்துல ஒண்ணுமே தெரியலைன்னா மூணு. கொழுப்பைப் பத்தி ஒரு குத்துமதிப்பு, அவ்வளவுதான். தழும்பு இருக்கா இல்லையான்னு அது சொல்லவே இல்ல. சிரோசிஸ் முத்தி கல்லீரல் ஓரம் கரடுமுரடானா படத்துல தெரியும். அதுக்கு முன்னாடி இருக்கிற கட்டங்கள் பெரும்பாலும் தெரியாது.

ஏன் தெரியாதுங்கிறதுதான் இந்தக் கதையோட முடிச்சு. பள்ளிக்கூட பிசிக்ஸ்ல நெட்டலை, குறுக்கலைன்னு படிச்சது ஞாபகம் இருக்கா? சாதாரண அல்ட்ராசவுண்ட் நெட்டலை. திசுவை அமுக்கி விட்டு, அமுக்கி விட்டுப் போகும். நம்ம உடம்போட மென்மையான பாகங்கள் எல்லாம் பெரும்பாலும் தண்ணி. தண்ணியைக் கசக்கிச் சுருக்க முடியாது. அதனால மெத்துனு இருக்கிற கல்லீரலோ கெட்டிப்பட்ட கல்லீரலோ, இந்த ஒலி செகண்டுக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்துலதான் போகும். ரெண்டுக்கும் வித்தியாசம் சொற்பம். நம்ம விரல் உணர்ற கெட்டித்தனத்தை அந்த ஒலி உணர்றதே இல்ல.

விரல் உணர்றது வேற ஒண்ணு. நோன்பு நேரத்துல செய்ற கடல்பாசித் தட்டை மேசையில வெச்சு ஓரத்துல ஒரு தட்டு தட்டுங்க. ஒரு நடுக்கம் மெதுவா இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போகும், கண்ணால பார்க்கலாம். அதுதான் குறுக்கலை. கயிறும் அப்படித்தான். தொளதொளன்னு இருந்தா அலை மெதுவாப் போகும், இழுத்துக் கட்டினா சட்டுனு போகும். ஒரு பொருள் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு வேகமா இந்த அலை போகும். அந்த வேகத்தை அளந்துட்டா கெட்டித்தனம் கையில.

இதைப் பல பேர் பல இடத்துல மோப்பம் பிடிச்சாங்க. 1980-களோட கடைசியில அமெரிக்காவுல ரோசெஸ்டர்ல திசுவை அதிர வெச்சு அல்ட்ராசவுண்டுல பார்த்தாங்க. 1991-ல ஹூஸ்டன்ல ஜோனாதன் ஓஃபிர் குழு 'எலாஸ்டோகிராஃபி'ன்னு பேரே வெச்சாங்க. 1995-ல சயன்ஸ் பத்திரிகையில, எம்.ஆர்.ஐ. மெஷினை வெச்சே அந்த நடுக்கத்தைப் படம் பிடிச்சு மேயோ கிளினிக் ஆளுங்க ஒரு கட்டுரை போட்டாங்க. அதுல முதல் பேர் ராஜா முத்துப்பிள்ளை. ராத்திரி ஒரு மணிக்கு அந்தப் பேரைப் படிச்சுட்டு ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த எம்.ஆர். எலாஸ்டோகிராஃபிதான் இன்னைக்கு ஸ்கேன் வகைகள்லயே துல்லியமானதுல ஒண்ணு. விலையும் அதுக்கேத்த மாதிரி.

பெரியப்பாவைத் தட்டின கருவி மட்டும் பாரிஸ்ல பிறந்தது. பியேர் கியூரி வேலை பார்த்த, லாஞ்சவான் பின்னால இயக்குநரா இருந்த அதே பள்ளிதான் இடம். அங்கே மத்தியாஸ் ஃபிங்க்கோட ஆய்வுக்கூடம். ஸ்டெஃபான் கத்தலீன், லோரான் சாந்த்ரான்னு ஆராய்ச்சி மாணவர்கள். அவங்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. திசுவைத் தொடர்ந்து அதிர வெச்சா அலைகள் எலும்புல, உறுப்போட ஓரத்துல எல்லாம் முட்டித் திரும்பி வந்து ஒண்ணோட ஒண்ணு குழம்பிடும். சரி, தொடர்ந்து வேண்டாம், ஒரே ஒரு தட்டு தட்டுவோம், அலை எதுலயும் முட்டுறதுக்கு முன்னாடியே படம் பிடிச்சுடுவோம்னு முடிவு பண்ணாங்க.

கேட்க எளிசு. அலை ஓட வேண்டிய தூரம் நாலு சென்டிமீட்டர். ஆரோக்கியமான கல்லீரல்ல அதுக்கு ஆகிற நேரம் ஒரு செகண்டுல ஏறக்குறைய 30-ல ஒரு பங்கு. சாதாரண ஸ்கேன் செகண்டுக்குச் சில பத்துப் படம்தான் எடுக்கும். அதுல ஒரே ஒரு படம் கிடைக்கும், ஓட்டம் கிடைக்காது. இவங்க செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை பார்த்தாங்க. ஃபைப்ரோஸ்கேனுக்கு வரும்போது இன்னும் சிக்கனம். உறுப்போட படமே கிடையாது. ஒரே ஒரு நேர்கோட்டை மட்டும் ஆயிரக்கணக்கான தடவை பார்க்கும். பெரியப்பா விலாவுல விழுந்த 'டொக்' அந்தக் குறுக்கலையைக் கிளப்புற தட்டு, 50 ஹெர்ட்ஸ் அதிர்வு. அல்ட்ராசவுண்ட் அந்த அலையைத் துரத்திப் பார்க்கிற கண் மட்டும்தான். நான் ஆட்டோவுல சொன்ன பதில் பாதி தப்புன்னது இதனாலதான்.

வேகத்தை அதே வேகத்தால பெருக்கி, மூணால பெருக்கினா கிலோபாஸ்கல் வந்துடும். நீங்களே போட்டுப் பாருங்க. செகண்டுக்கு 1.3 மீட்டர்னா சுமார் 5 கிலோபாஸ்கல், ஆரோக்கியமான கல்லீரல். அது நாம கடற்கரையில காலாற நடக்கிற வேகம். 2 மீட்டர்னா 12. மெதுவா ஜாகிங் போற வேகம், சிரோசிஸ் வாசல். கருவி காட்டுற அதிகபட்சம் 75. அதுக்கு அலை செகண்டுக்கு 5 மீட்டர் போகணும், சைக்கிள் வேகம். ஒருத்தரோட கல்லீரலுக்குள்ள அலை நடக்குதா ஓடுதாங்கிறதைத்தான் அந்தப் பேப்பர் சொல்லுது.

2001-ல எக்கோசென்ஸ்னு ஒரு கம்பெனி. 2003-ல சாந்த்ரான் குழுவோட கட்டுரை, ஹெபடைடிஸ் சி நோயாளிகள் 106 பேர். ஏன் ஹெபடைடிஸ் சி? 1989-லதான் அந்த வைரஸையே அடையாளம் கண்டாங்க. ரத்தம் ஏத்திக்கிட்டதுல ஆயிரக்கணக்கானவங்களுக்கு வந்திருந்தது. அப்போ இருந்த இன்டர்ஃபெரான் சிகிச்சை உடம்பைப் போட்டு எடுக்கும், குணமும் நிச்சயமில்ல. யாருக்கு அவசரம்னு பிரிக்க பயாப்ஸி வேணும், பல பேர் ஊசிக்குப் பயந்து வரவே மாட்டாங்க. அதே பாரிஸ்ல தியரி பொய்னார் குழு, ரத்தப் பரிசோதனையில இருந்தே தழும்பைக் கணிக்கிற ஃபைப்ரோடெஸ்ட்டை 2001-லயே கொண்டு வந்திருந்தாங்க. தேவை அவ்வளவு இருந்தது.

2005-ல பிரான்ஸ்லேயே ரெண்டு பெரிய ஆய்வு. ரெண்டும் ஹெபடைடிஸ் சி, ரெண்டும் அதே கருவி. சிரோசிஸுக்கு எல்லைக்கோடு ஒண்ணு 12.5-ன்னு சொல்லுச்சு, இன்னொண்ணு 14.6-ன்னு சொல்லுச்சு. போன்ல ஒரு அட்டவணையைப் பார்த்து 9.2-க்கு வியர்த்து நின்ன எனக்கு இது அப்போ தெரிஞ்சிருக்கணும். எல்லைக்கோடு இயற்கை போட்டது இல்ல. யாரை வெச்சு அளந்தோம், எந்த நோய், எதைத் தவறவிடக் கூடாதுன்னு நினைக்கிறோம், இதையெல்லாம் பொறுத்து மனுஷன் போடற கோடு அது.

இன்னொரு சிக்கல் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மெஷின் லேர்னிங் பண்ற ஃப்ரெண்ட்ஸுக்குச் சட்டுனு புரியும். ஸ்கேன் சரியான்னு எதை வெச்சுச் சோதிக்கிறது? பயாப்ஸியை வெச்சு. பயாப்ஸியே மூணுல ஒருத்தர்கிட்ட பக்கத்துக்குப் பக்கம் மாறுதுன்னு பார்த்தோம். விடைத்தாள்லயே பிழை இருந்தா, எல்லாத்தையும் சரியா எழுதின பையனும் நூத்துக்கு நூறு வாங்க முடியாது. 2009-ல இதையே கணக்குப் போட்டுக் காட்டின ஒரு கட்டுரை வந்தது. ஸ்கேன் தப்பா, ஊசி தப்பான்னு பல தடவை சொல்லவே முடியாது. ஸ்கேன் பார்க்கிற திசுவோட அளவு பயாப்ஸித் துணுக்கைவிட 100 மடங்காவது பெருசு. அது அதோட பலம். ஆனா அது தழும்பைப் பார்க்கல, கெட்டித்தனத்தைப் பார்க்குது. ரெண்டும் ஒண்ணு இல்ல.

இங்கேதான் பெரியப்பாவோட 9.2-க்கு வரேன். டாக்டர் பேப்பரை வாங்கிப் பார்த்துட்டு முதல்ல கேட்டது: "ஸ்கேனுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க?" பெரியப்பா வெள்ளந்தியா, "பொங்கல், வடை, ஒரு காபி"ன்னார். நான் கார்டுல பார்த்திருக்கணும், மூணு மணி நேரமாவது வெறும் வயித்துல வரணும்னு இருந்தது. சாப்பிட்டா குடல்ல இருந்து கல்லீரலுக்கு ரத்தம் கூடும், கல்லீரல் விம்மும், அலை வேகமாப் போகும். ரெண்டு வாரம் கழிச்சு வெறும் வயித்துல போனோம். 7.0. ஒரு வெண்பொங்கலால எங்க வீட்டுல ரெண்டு வாரம் யாரும் சரியாத் தூங்கல.

சாப்பாடு மட்டும் இல்ல. ஹெபடைடிஸ் திடீர்னு தீவிரமாகிற நேரத்துல அளந்தா, தழும்பே இல்லாத கல்லீரலும் சிரோசிஸ் நம்பரைக் காட்டும். இதயம் பலவீனமாகி ரத்தம் தேங்கினாலும், பித்தக் குழாய் அடைச்சாலும் அப்படித்தான். வயித்துல நீர் கோத்திருந்தா அளக்கவே முடியாது, குறுக்கலை தண்ணியில போகாது. உடல் பருமன் அதிகம்னா சாதாரண முனை கல்லீரலை எட்டாது. 2010-ல வெளியான, 13,369 சோதனைகளைப் பார்த்த ஒரு ஆய்வுல 3.1 சதவீதத்துல அளவே கிடைக்கல, இன்னொரு 15.8 சதவீதத்துல கிடைச்ச அளவை நம்ப முடியல. பெரிய உடம்புக்குன்னு தனி முனை வந்தது இதனாலதான். பத்து தட்டு தட்டி நடு மதிப்பை எடுக்கிறதும் சும்மா இல்ல. பத்தும் ஒண்ணுக்கொண்ணு ரொம்பச் சிதறினா அந்த ரிப்போர்ட்டை ஓரம் வைக்கணும். சிதறலும் பேப்பர்ல அச்சாகியிருக்கும், நாம யாரும் படிக்கிறதில்ல.

2013 ஏப்ரல்ல அமெரிக்காவுல எஃப்.டி.ஏ. இந்தக் கருவிக்கு அனுமதி குடுத்தது. அதே வருஷம் டிசம்பர்ல சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கும் அனுமதி வந்தது, ஹெபடைடிஸ் சி சில மாசத்துல குணமாகிற நோய் ஆச்சு. யாருக்காகக் கருவி செஞ்சாங்களோ அந்த நோயே கையை விட்டுப் போகிற நேரத்துல கருவி பெரிய சந்தைக்குள்ள நுழையுது. அதுக்குள்ள வரிசையில வேற கூட்டம் நிக்குது. கொழுப்புக் கல்லீரல். நாமதான். கொழுப்பு அலையை எவ்வளவு மங்க வைக்குதுன்னு அளக்கிற இன்னொரு எண்ணையும் 2010 வாக்குல அதே கருவியில சேர்த்தாங்க. இப்போ பேப்பர்ல ரெண்டு நம்பர் வரும், ஒண்ணு கொழுப்புக்கு, ஒண்ணு கெட்டிக்கு. 2015-ல நீண்டகால ஆய்வுகள் வந்தப்போ, கொழுப்புக் கல்லீரல் உள்ளவங்கள்ல யாருக்குப் பின்னாடி ஆபத்துன்னு தீர்மானிக்கிறது முக்கியமா தழும்பின் கட்டம்தான்னு தெரிஞ்சுது. லஞ்ச் டேபிள்ல நாம கேட்டுக்கிற கிரேட் ரெண்டாவது கேள்வி.

எல்லாரும் ஓடிப் போய் ஸ்கேன் எடுக்கணுமா? இல்ல. டாக்டர்கள் முதல்ல போடறது ஃபிப்-4னு ஒரு சின்னக் கணக்கு, 2006-ல வந்தது. வயசு, ரத்தத்துல ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி., பிளேட்லெட், இந்த நாலு எண் போதும். 1.3-க்குக் கீழேன்னா தழும்பு முத்தியிருக்க வாய்ப்பு குறைவு. இதை வெச்சு பத்து வரியில ஒரு கால்குலேட்டர் எழுதி ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல போட்டேன், எல்லாருக்கும் சூப்பரா வந்தது. அப்புறம்தான் படிச்சேன், வயசே கணக்குல பெருக்கலா நிக்கிறதால 35 வயசுக்குக் கீழே இதை அவ்வளவா நம்பக் கூடாது. குரூப்ல எல்லாருக்கும் 30-க்குள்ள. அன்னைக்கே மெசேஜை டெலீட் பண்ணினேன். சின்ன வயசு, கூடவே சர்க்கரையோ உடல் பருமனோ, அல்லது வீட்டுல யாருக்காவது சிரோசிஸோ இருந்தா, கால்குலேட்டரை விட்டுட்டு டாக்டர்கிட்டயே கேட்கிறது நல்லது.

2024 மார்ச்ல, கொழுப்பால தழும்பு விழுந்த கல்லீரலுக்கு முதல் மருந்தா ரெஸ்மெடிரோமுக்கு எஃப்.டி.ஏ. அனுமதி குடுத்தது. மருந்தைப் பரிசோதிக்கும்போது நோயாளிகளுக்கு பயாப்ஸி எடுத்தாங்க. ஆனா மருந்தை எழுதித் தர பயாப்ஸி வேணும்னு அனுமதியில கேட்கல. ஊசி ஆராய்ச்சிக்கூடத்துல இருக்கு, குழப்பமான நோய்களுக்கும் இருக்கு. வாசல்ல நிக்கிற வேலை மட்டும் கை மாறியிருக்கு.

பெரியப்பாகிட்ட இதையெல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து சொன்னேன். கடல்பாசி, கயிறு, கடற்கரை நடை எல்லாம். பொறுமையாக் கேட்டார். "அப்போ அழுத்தித்தான் பார்க்கிறாங்க"ன்னார். ஆமான்னேன். "இதைத்தானேடா நம்ம பழைய டாக்டர் கையாலயே பண்ணுவார், இருபது ரூபா வாங்கிட்டு?" அவர் விரலுக்கு விலாவுக்குள்ள நம்பர் தெரியாதேன்னு நான் ஆரம்பிக்க, அவர் டிவி சத்தத்தைக் கூட்டிட்டார்.

2006 பயாப்ஸி ரிப்போர்ட்டும் ரெண்டு ஸ்கேன் பேப்பரும் இப்போ ஒரே மஞ்சப்பையில இருக்கு. அடுத்த ஸ்கேன் ஜனவரியில. அன்னைக்குக் காலையில அவரை ஹோட்டல் பக்கம் விடாம நேரா கூட்டிட்டுப் போறது என் பொறுப்பு.

அவ்வளவுதான் மக்களே. இந்தக் கணக்குல எங்கேயாவது நான் தப்புப் பண்ணியிருந்தா எழுதுங்க, அடுத்த எபிசோட் தொடக்கத்துல திருத்திடறேன்.